ஜெருசலேம் தூதரகச் சட்டமும் ஆறு மாத விலக்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கத் தூதரகம் டெல் அவிவிலிருந்து ஜெருசலேமுக்கு மாறிய கதையைப் பலரும் 2017 டிசம்பரில் தொடங்குகிறார்கள். அது 1995இல் தொடங்கியது. நடுவில் பதினெட்டு ஆண்டுகளுக்கு மேல், ஒரு சட்டத்தின் ஏழாம் பிரிவில் இருந்த சில வரிகளை வைத்து அதிபர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கையெழுத்துப் போட்டு வந்தார்கள். அந்த வரிகளைத் தப்பாகப் புரிந்துகொண்டு எழுதப்பட்ட செய்திகள் தமிழிலும் நிறைய வந்திருக்கின்றன. அதனால்தான் இந்தப் பக்கம்.

எந்தச் சட்டம் இது?

1995ஆம் ஆண்டின் ஜெருசலேம் தூதரகச் சட்டம். அமெரிக்கப் பொதுச் சட்டம் 104-45 என்பது அதன் எண். இஸ்ரேலில் உள்ள அமெரிக்கத் தூதரகத்தை 1999 மே 31க்குள் ஜெருசலேமில் அமைக்க வேண்டும் என்று சொன்னது. 1995 அக்டோபர் 24 அன்று செனட்டில் 93-5, பிரதிநிதிகள் சபையில் 374-37 என்ற வாக்குகளில் நிறைவேறியது. இரு கட்சியும் சேர்ந்து இவ்வளவு பெரிய பெரும்பான்மையில் நிறைவேற்றிய ஒரு சட்டம், சொன்ன தேதியில் நடக்காமல் பத்தொன்பது ஆண்டுகள் தள்ளிப்போனது. எப்படி என்பதுதான் மீதிக் கதை.

தூதரகம் தலைநகரத்தில்தானே இருக்க வேண்டும்? டெல் அவிவில் ஏன் இருந்தது?

தலைநகரத்தில்தான் இருக்க வேண்டும் என்று சர்வதேசச் சட்டம் எதுவும் சொல்லவில்லை. தூதரக உறவுகள் பற்றிய 1961ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கைப்படி, இரு நாடுகளும் சம்மதித்தால் தூதரகம் வைக்கலாம். அது இருக்கும் ஊரைத் தவிர வேறு ஊரில் அலுவலகம் திறக்க வேண்டுமென்றால் அந்த நாட்டின் முன் அனுமதி வேண்டும், அவ்வளவுதான். நெதர்லாந்தின் தலைநகரம் ஆம்ஸ்டர்டாம், தூதரகங்கள் இருப்பதோ தி ஹேக் நகரில். நமக்குப் பக்கத்திலேயே பாருங்கள்: இலங்கையின் அதிகாரபூர்வத் தலைநகரம் ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டே, ஆனால் நாடுகளின் தூதரகங்கள் கொழும்பில் இருக்கின்றன. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

ஜெருசலேமில் விஷயம் வேறு. 1947 நவம்பர் 29இல் ஐ.நா. பொதுச் சபை நிறைவேற்றிய பிரிவினைத் திட்டம் (தீர்மானம் 181) அந்த நகரத்தை யூத நாட்டுக்கும் கொடுக்கவில்லை, அரபு நாட்டுக்கும் கொடுக்கவில்லை. சர்வதேச நிர்வாகத்தில் தனியாக வைக்கச் சொன்னது. அது நடக்கவே இல்லை. 1948-49 போருக்குப் பிறகு மேற்குப் பகுதி இஸ்ரேலிடமும், பழைய நகரம் உட்பட கிழக்குப் பகுதி ஜோர்டானிடமும் இருந்தது. 1967 போரில் கிழக்கையும் இஸ்ரேல் பிடித்தது. 1980 ஜூலை இறுதியில், முழு ஜெருசலேமும் இஸ்ரேலின் தலைநகரம் என்று அடிப்படைச் சட்டம் இயற்றியது. ஆகஸ்ட் 20இல் ஐ.நா. பாதுகாப்பு சபை தீர்மானம் 478 மூலம் அந்தச் சட்டம் செல்லாது என்று அறிவித்து, ஜெருசலேமில் தூதரகம் வைத்திருந்த நாடுகள் வெளியேற வேண்டும் என்று கேட்டது. அமெரிக்கா அதில் வாக்களிக்காமல் ஒதுங்கியது, தடுப்பு அதிகாரத்தை (வீட்டோ) பயன்படுத்தவில்லை. அப்போது அங்கிருந்த நெதர்லாந்தும் பல லத்தீன் அமெரிக்க நாடுகளும் டெல் அவிவ் பக்கம் போய்விட்டன.

ஆக, இந்த நகரத்தில் தூதரகத்தின் முகவரியே ஒரு நிலைப்பாடு. முகவரியை மாற்றினால் நிலைப்பாட்டை மாற்றியதாக உலகம் எடுத்துக்கொள்ளும்.

சரி, 1995இல் ஏன் அவ்வளவு அவசரம்?

அது ஓஸ்லோ காலம். 1993 செப்டம்பரில் இஸ்ரேலும் பாலஸ்தீன விடுதலை இயக்கமும் கையெழுத்திட்ட ஓஸ்லோ ஒப்பந்தம், ஜெருசலேம் பிரச்சினையைக் கடைசிக் கட்டப் பேச்சுக்கு ஒதுக்கி வைத்தது. இடைக்காலம் ஐந்தாண்டு, 1994 மே மாதத்திலிருந்து கணக்கிட்டால் 1999 மே மாதம் முடியும். சட்டத்தில் உள்ள 1999 மே 31 என்ற தேதியை இதோடு சேர்த்துப் படித்தால் விளங்கும். பேச்சுவார்த்தை முடிய வேண்டிய மாதத்தின் கடைசி நாளைத்தான் கெடுவாக வைத்தார்கள்.

இன்னொரு பக்கம் உள்நாட்டு அரசியல். மசோதாவை முன்னின்று நடத்தியவர் செனட்டில் குடியரசுக் கட்சித் தலைவராக இருந்த பாப் டோல். 1996 அதிபர் தேர்தலில் பில் கிளிண்டனை எதிர்த்து நிற்கத் தயாராகிக்கொண்டிருந்தவர். வாக்கெடுப்புக்கு மறுநாள் வாஷிங்டன் காபிடல் கட்டடத்தில் ஜெருசலேமின் 3000ஆம் ஆண்டு விழா. இஸ்ரேல் பிரதமர் இட்சாக் ரபீன் அதற்கு வந்திருந்தார். நவம்பர் 4இல் அவர் டெல் அவிவில் சுட்டுக் கொல்லப்பட்டார். நான்கு நாள் கழித்து, நவம்பர் 8இல், இந்த மசோதா சட்டமானது.

கிளிண்டன் கையெழுத்துப் போடவில்லை என்கிறார்களே, அப்புறம் எப்படிச் சட்டமானது?

அமெரிக்க அரசியலமைப்பின்படி, காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) அனுப்பும் மசோதாவை அதிபர் ஞாயிற்றுக்கிழமைகள் நீங்கலாகப் பத்து நாளுக்குள் கையெழுத்திடவும் இல்லை, திருப்பி அனுப்பவும் இல்லை என்றால், காங்கிரஸ் கூட்டத்தொடர் நடந்துகொண்டிருக்கும் பட்சத்தில் அது தானாகச் சட்டமாகிவிடும். கிளிண்டன் அந்த வழியைத் தேர்ந்தெடுத்தார். திருப்பி அனுப்பினாலும் மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளில் அதை முறியடிக்கும் பலம் இரு அவைகளிலும் இருந்தது. சமாதானப் பேச்சுக்குக் கெடுதல் வராமல் பார்த்துக்கொள்ள, சட்டத்தின் பணத் தடையை ஆறு மாதம் நிறுத்தி வைக்க அதிபருக்கு இடம் தரும் ஏழாம் பிரிவை, அதாவது விலக்குப் பிரிவை, பயன்படுத்துவேன் என்று அப்போதே வெளிப்படையாகச் சொன்னார்.

சட்டம் உண்மையில் என்ன சொல்கிறது?

இந்தக் கேள்விக்குத்தான் நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாக் குழப்பமும் இங்கேதான் பிறக்கிறது.

மூன்றாம் பிரிவின் முதல் பகுதி கொள்கை அறிக்கை. ஜெருசலேம் பிரிக்கப்படாத நகரமாக, எல்லா இன, மதத்தாரின் உரிமைகளும் காக்கப்படும் நகரமாக இருக்க வேண்டும். இஸ்ரேலின் தலைநகரமாக ஏற்கப்பட வேண்டும். தூதரகம் 1999 மே 31க்குள் அங்கே அமைய வேண்டும். கேட்கக் கம்பீரமாக இருக்கும். ஆனால் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று இந்தப் பகுதியில் எதுவும் இல்லை.

செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பது அடுத்த பகுதியில், 3(பி)யில் இருக்கிறது. வெளிநாடுகளில் கட்டடம் வாங்கவும் பராமரிக்கவும் வெளியுறவுத் துறைக்கு 1999 நிதியாண்டில் ஒதுக்கும் பணத்தில் பாதிக்கு மேல் செலவிடக் கூடாது. ஜெருசலேமில் தூதரகம் அதிகாரபூர்வமாகத் திறந்துவிட்டது என்று வெளியுறவு அமைச்சர் முடிவு செய்து காங்கிரஸுக்கு அறிக்கை கொடுக்கும் வரை இந்தத் தடை இருக்கும். சட்டத்தின் பல் இது ஒன்றுதான்.

இதோடு 1996, 1997 நிதியாண்டுகளில் ஜெருசலேம் தூதரகத்துக்கென்று முறையே 2.5 கோடி டாலர், 7.5 கோடி டாலர் ஒதுக்கச் சொன்ன பிரிவு உண்டு. ஆறு மாதத்துக்கொரு முன்னேற்ற அறிக்கை கேட்ட பிரிவும் உண்டு. எட்டாம் பிரிவு ‘அமெரிக்கத் தூதரகம்’ என்றால் என்ன என்று வரையறுக்கிறது: தூதரக அலுவலகங்கள், கூடவே தூதரின் இல்லம். இந்த வரையறையை நினைவில் வையுங்கள், பின்னால் வரும்.

அப்படியானால் விலக்கு எதற்கு விலக்கு?

பணத் தடைக்கு மட்டும். ஏழாம் பிரிவு அதிபருக்குக் கொடுக்கும் அதிகாரம், 3(பி)யில் உள்ள அந்தப் பாதிப் பணத் தடையை ஆறு மாதம் நிறுத்தி வைப்பது. அமெரிக்காவின் தேசப் பாதுகாப்பு நலன்களைக் காக்க அது அவசியம் என்று அவர் முடிவு செய்து, காங்கிரஸுக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். ஆறு மாதம் முடிந்தால் இன்னோர் ஆறு மாதம். எத்தனை முறை என்று வரம்பு கிடையாது.

‘அதிபர் சட்டத்தை ஆறு மாதம் தள்ளிவைத்தார்’, ‘தூதரக மாற்றத்தை ஒத்திவைத்தார்’ என்றெல்லாம் செய்திகளில் வரும். துல்லியமாகச் சொன்னால் அது சரியில்லை. தூதரகம் ஜெருசலேமில் இருக்க வேண்டும் என்ற கொள்கை வரிகளை எந்த அதிபரும் நிறுத்தி வைக்கவில்லை, நிறுத்தி வைக்க அந்தப் பிரிவு இடமும் கொடுக்கவில்லை. தண்டனையை நிறுத்தினார்கள். தண்டனை இல்லாதபோது கொள்கை வரிகள் காகிதத்தில் மட்டும் நின்றன.

1999ஆம் ஆண்டுக்கு மட்டும் போட்ட தடை எப்படி 2017 வரை உயிரோடு இருந்தது?

7(பி) என்ற உட்பிரிவால். ஒரு நிதியாண்டில் அதிபர் விலக்கைப் பயன்படுத்தினால், அதே தடை அடுத்த நிதியாண்டின் பணத்துக்கும் பொருந்தும். அந்த ஆண்டும் விலக்குக் கொடுத்தால் அதற்கடுத்த ஆண்டுக்கும். அதாவது, தடையை நீக்கும் ஒவ்வொரு கையெழுத்தும் அடுத்த ஆண்டுக்கான தடையைப் பிறப்பித்தது. அதனால்தான் வெள்ளை மாளிகை வெளியிட்ட ஒவ்வொரு உத்தரவிலும் 3(பி), 7(பி) இரண்டையும் நிறுத்துவதாக எழுதியிருப்பார்கள். வெளியுறவு அமைச்சருக்கு எழுதிய ஒரு சிறு குறிப்பு, அவ்வளவுதான். தேசப் பாதுகாப்புக்கு அவசியம் என்று முடிவு செய்கிறேன், ஆறு மாதம் நிறுத்துகிறேன், இதைக் காங்கிரஸுக்கு அனுப்புங்கள். காரணம் விளக்கி ஒரு பத்திகூட இருக்காது.

பாதிப் பணம் நின்றால் அவ்வளவு பெரிய பாதிப்பா?

ஆமாம். அந்தத் தடை இஸ்ரேலில் உள்ள கட்டடத்துக்கு மட்டும் இல்லை. உலகம் முழுவதும் உள்ள அமெரிக்கத் தூதரகக் கட்டடங்களுக்கான ஒதுக்கீடு அது. சென்னை அண்ணா சாலையில் இருக்கும் துணைத் தூதரகம் போன்ற கட்டடங்களின் பராமரிப்பும் இந்த வகைச் செலவில்தான் சேரும்.

காலத்தையும் பாருங்கள். 1998 ஆகஸ்ட் 7இல் நைரோபி, டார் எஸ் சலாம் இரண்டு ஊர்களிலும் அமெரிக்கத் தூதரகங்கள் குண்டுவைத்துத் தகர்க்கப்பட்டன. இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பெரும்பாலோர் கென்ய மக்கள். தூதரகங்களைப் பலப்படுத்தியே ஆக வேண்டும் என்ற நெருக்கடி வந்தது. விலக்கு அதிகாரம் தொடங்கிய நாள் 1998 அக்டோபர் 1; 1999 நிதியாண்டும் அன்றுதான் தொடங்கியது. அந்த நேரத்தில், ஒரு நகரத்தில் ஒரு தூதரகம் திறக்கவில்லை என்பதற்காக மற்ற எல்லா ஊர்களிலும் சுவர் எழுப்பும் பணத்தைப் பிடித்து வைப்பது எவ்வளவு பொறுப்பற்ற ஏற்பாடு என்று யோசியுங்கள். தேசப் பாதுகாப்பு என்று அதிபர்கள் எழுதியது வெறும் சாக்கு இல்லை என்று நான் நினைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

விலக்குப் பிரிவைச் சட்டத்துக்குள் வைத்தவர்கள் யார்? ஏன் வைத்தார்கள்?

காங்கிரஸேதான். 1995 மே மாதம் டோல் கொண்டுவந்த முதல் மசோதா இன்னும் கடுமையானது. நீதித் துறையின் சட்ட ஆலோசனை அலுவலகத் தலைவராக இருந்த வால்டர் டெல்லிஞ்சர் அதை ஆராய்ந்து, அது அரசியலமைப்புக்கு முரணானது என்று எழுதினார். வெளிநாடுகளோடு உறவை நடத்துவதும், எந்த அரசை ஏற்பது என்பதும் அதிபரின் பொறுப்பு. பணத்தைப் பிடித்து வைத்து அந்தப் பொறுப்பைக் காங்கிரஸ் தன் கைக்கு எடுத்துக்கொள்ள முடியாது என்பது அவர் வாதம். ஜனநாயகக் கட்சி உறுப்பினர்கள் பலரும் அதிபருக்கு ஒரு வழி வேண்டும் என்று கேட்டார்கள். கடைசியில் வந்த வடிவத்தில் விலக்குப் பிரிவு இருந்தது, வாக்குகள் 93க்கு ஏறின.

என் பார்வையில், அந்தப் பிரிவுதான் இந்தச் சட்டத்தைச் சாத்தியமாக்கியது. அது இருந்ததால் ஆதரித்து வாக்களிப்பதில் யாருக்கும் ஆபத்தில்லை. உறுப்பினர்கள் தங்கள் தொகுதியில் போய் ‘ஜெருசலேமுக்கு வாக்களித்தேன்’ என்று சொல்லலாம். நடக்காததற்கு அதிபரைக் கை காட்டலாம். பொறுப்பு முழுவதும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரு மேசைக்குப் போனது. ஒரு நகரத்தின் எதிர்காலத்தைத் தொடும் விஷயத்தில் சட்டமியற்றும் அவை இப்படி நடந்துகொண்டது சரியில்லை. வேண்டும் என்றால் விலக்கில்லாமல் இயற்றி நீதிமன்றத்தைச் சந்தித்திருக்க வேண்டும். பேச்சுவார்த்தைக்கு விட வேண்டும் என்றால் இயற்றாமல் இருந்திருக்க வேண்டும்.

தேசப் பாதுகாப்புக்கு அவசியமா இல்லையா என்று யார் பார்ப்பது? நீதிமன்றம் கேள்வி கேட்காதா?

அதிபர் ஒருவரே முடிவு செய்கிறார். ‘தேசப் பாதுகாப்பு நலன்’ என்பதற்குச் சட்டத்தில் வரையறை இல்லை. காங்கிரஸின் ஒப்புதலும் தேவையில்லை, தகவல் சொன்னால் போதும். நீதிமன்றத்துக்குப் போக வேண்டும் என்றால், இந்த உத்தரவால் தனக்கு நேரடியாக என்ன பாதிப்பு என்று வழக்குப் போடுபவர் காட்ட வேண்டும். ஒரு கட்டட நிதியின் தடை நீங்கியதால் தனிமனிதர் ஒருவருக்கு நேரும் பாதிப்பைக் காட்டுவது மிகக் கடினம்.

எல்லா அதிபர்களும் ஒரே மாதிரிதான் கையெழுத்திட்டார்களா?

கிளிண்டன் 1999 ஜூனில் முதல் விலக்கைக் கொடுத்தார். அதிலிருந்து ஜூன், டிசம்பர் என்று ஆண்டுக்கு இரண்டு. ஜார்ஜ் டபிள்யூ. புஷ், பதவிக்கு வந்ததும் தூதரகத்தை மாற்றும் வேலையைத் தொடங்குவேன் என்று 2000 தேர்தலில் சொன்னவர். எட்டாண்டும் விலக்குக் கொடுத்தார். ஆனால் தூதரகத்தை ஜெருசலேமுக்கு மாற்றும் பணியைத் தொடங்குவதில் தன் அரசு உறுதியாக இருக்கிறது என்று ஒரு வாக்கியத்தைச் சேர்த்துக்கொண்டார். பராக் ஒபாமா அந்த வாக்கியத்தை எடுத்துவிட்டார், கையெழுத்து தொடர்ந்தது. மூவர் காலத்தையும் கூட்டினால் முப்பது முறைக்கு மேல் வரும்.

ட்ரம்ப் விலக்கு கொடுக்க மறுத்துவிட்டார் என்பது உண்மையா?

இல்லை. இது பரவலாக இருக்கும் தவறான நம்பிக்கை.

பதவியேற்ற பிறகு, 2017 ஜூன் 1இல், முந்தைய அதிபர்களைப் போலவே அவரும் கையெழுத்திட்டார். 2017 டிசம்பர் 6இல் ஜெருசலேமை இஸ்ரேலின் தலைநகரமாக அமெரிக்கா ஏற்கிறது என்று அறிவித்து, தூதரகத்தை மாற்றும் வேலையைத் தொடங்க உத்தரவிட்டார். இஸ்ரேலின் இறையாண்மை எல்லைகள் எதுவரை என்பது பற்றி அமெரிக்கா நிலைப்பாடு எடுக்கவில்லை என்றும் அதே அறிவிப்பில் இருந்தது. தலைப்புச் செய்திகளில் இது காணாமல் போனது. அந்த அறிவிப்போடு சேர்த்து இன்னொரு ஆறு மாத விலக்கிலும் கையெழுத்திட்டார். வேறு வழியில்லை: அறிவித்த அன்றே கட்டடம் திறந்துவிடாது, விலக்கு இல்லாவிட்டால் உலகம் முழுவதுக்குமான கட்டடப் பணத்தில் பாதி நின்றுபோகும்.

இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. தூதரகத்தை மாற்றுவதற்கு விலக்கை மறுக்கத் தேவையில்லை, விலக்கு கொடுத்துக்கொண்டே மாற்றலாம். விலக்கும் தூதரக மாற்றமும் சட்டப்படி இரண்டு தனித்தனி விஷயங்கள்.

திறந்த பிறகும் விலக்கு கொடுத்தாராமே?

ஆமாம். 2018 மே 14, இஸ்ரேல் நாடு அறிவிக்கப்பட்ட 70ஆம் ஆண்டு நாள். ஜெருசலேமின் தெற்கே அர்நோனா பகுதியில் ஏற்கனவே விசா, பாஸ்போர்ட் வேலைகள் நடந்துகொண்டிருந்த அமெரிக்கக் கட்டடத்தையே தூதரகமாக்கித் திறந்தார்கள். அந்த வளாகத்தின் ஒரு பகுதி, 1949 போர்நிறுத்தக் கோடுகளுக்கு நடுவே யாருக்கும் சேராமல் விடப்பட்டிருந்த நிலத்தில் இருக்கிறது. ஜூன் மாதத் தொடக்கத்தில் ட்ரம்ப் மீண்டும் ஒரு விலக்கில் கையெழுத்திட்டார். எட்டாம் பிரிவு நினைவிருக்கிறதா? தூதரின் இல்லமும் சேர்ந்தால்தான் தூதரகம். தூதர் டேவிட் ஃப்ரீட்மனின் அதிகாரபூர்வ இல்லம் அப்போதும் டெல் அவிவுக்கு வடக்கே ஹெர்ட்ஸ்லியா கடற்கரையில் இருந்தது. அந்த வீட்டை அமெரிக்க அரசு விற்றது 2020இல்.

நிரந்தரக் கட்டடத்துக்கான நிலத்தின் கதை இன்னும் பழையது. 1989 ஜனவரியிலேயே இஸ்ரேலும் அமெரிக்காவும் ஜெருசலேமில் ஒரு நிலத்தை ஆண்டுக்கு ஒரு டாலர் வாடகையில் 99 ஆண்டுக் குத்தகைக்கு ஒப்பந்தம் செய்திருந்தன. பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் ஆலன்பி படைமுகாம் இருந்த இடம் அது. அந்த நிலத்தில் தங்கள் முன்னோருக்குப் பங்கிருந்தது என்று பாலஸ்தீனக் குடும்பங்கள் பத்திரங்களோடு உரிமை கோரி வருகின்றன.

பாலஸ்தீனர்களுக்கு இதனால் நடைமுறையில் என்ன மாறியது?

திறப்பு விழா நடந்த அதே நாளில், காஸா எல்லை வேலியருகே போராடியவர்கள் மீது இஸ்ரேல் படை சுட்டதில் சுமார் 60 பேர் இறந்தார்கள். அன்று தொலைக்காட்சித் திரைகளில் இரண்டு காட்சியும் பக்கம் பக்கமாக ஓடின.

நீண்ட கால மாற்றம் அதிகம் பேசப்படாத ஒன்று. ஜெருசலேமில் அக்ரோன் தெருவில் அமெரிக்காவுக்கு ஒரு துணைத் தூதரகம் இருந்தது. அது டெல் அவிவ் தூதருக்குக் கீழே வராது, நேராக வாஷிங்டனுக்கே அறிக்கை அனுப்பும். பாலஸ்தீனர்களோடு அமெரிக்கா பேசிய வாசல் அதுதான். 2019 மார்ச்சில் அதைத் தூதரகத்தோடு இணைத்துவிட்டார்கள். பாலஸ்தீன விவகாரங்களைப் பார்க்கும் பிரிவு, இஸ்ரேலுக்கான தூதரின் கீழ் வந்தது. ஜெருசலேம் வாசிகளில் ஐந்தில் இரண்டு பங்குக்குச் சற்றே குறைவானவர்கள் பாலஸ்தீனர்கள். 1995 சட்டத்தின் கொள்கை அறிக்கையில் முதல் வரியே எல்லா இனத்தாரின் உரிமையும் காக்கப்படும் நகரம் என்கிறது. அந்த வரியை நிறைவேற்ற ஒரு கெடுவும் வைக்கவில்லை, ஒரு டாலரையும் பிடித்து வைக்கவில்லை. இந்தச் சட்டத்தைப் படிக்கும்போதெல்லாம் என்னை வருத்துவது இதுதான்.

நாடுகளை ஏற்பது அதிபர் அதிகாரம் என்றால், காங்கிரஸ் சட்டத்துக்கு மதிப்பே இல்லையா?

2015 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதைத் தொட்டது. ஜிவோடோஃப்ஸ்கி எதிர் கெர்ரி என்ற வழக்கு. ஜெருசலேமில் பிறந்த அமெரிக்கக் குடிமக்கள் கேட்டால், பாஸ்போர்ட்டில் பிறந்த இடம் இஸ்ரேல் என்று போட வேண்டும் என்று 2002இல் காங்கிரஸ் ஒரு சட்டம் இயற்றியிருந்தது. புஷ்ஷும் ஒபாமாவும் அதைச் செயல்படுத்தவில்லை. ஆறுக்கு மூன்று என்ற தீர்ப்பில் நீதிமன்றம் அந்தச் சட்டப் பிரிவை நீக்கியது: வெளிநாட்டு அரசுகளையும் அவற்றின் எல்லைகளையும் ஏற்கும் அதிகாரம் அதிபருக்கு மட்டுமே உரியது.

பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஆந்தனி கென்னடி. வெளியுறவில் காங்கிரஸின் சட்டத்தை அதிபர் நேரடியாக மீறுவதை இந்த நீதிமன்றம் ஏற்பது இதுதான் முதல்முறை என்று தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் மாறுபட்ட தீர்ப்பில் எச்சரித்தார். தூதரகம் எங்கே இருக்க வேண்டும் என்பதும் இதில் அடங்குமா என்று அந்த வழக்கு முடிவு செய்யவில்லை. கட்டடத்துக்குப் பணம் ஒதுக்குவது காங்கிரஸின் அதிகாரம்தானே, அங்கேதான் இழுபறி. ஏழாம் பிரிவு இருந்ததால் இரு தரப்பும் அந்தச் சண்டையைப் போடாமலே தவிர்த்துவிட்டன.

இந்தத் தீர்ப்பின்படி பார்த்தால், 2017 டிசம்பர் அறிவிப்புக்கு 1995 சட்டம் தேவையே இல்லை. ஏற்காமல் இருந்த அதிகாரமும் ஏற்ற அதிகாரமும் ஒன்றே. 2020 அக்டோபரில், காங்கிரஸ் கேட்ட பாஸ்போர்ட் வசதியையும் ட்ரம்ப் அரசு தன் முடிவாகவே கொடுத்தது.

அமெரிக்காவில் இதுபோல் ஆறு மாத விலக்கு வைத்த சட்டங்கள் வேறு உண்டா?

இரண்டைச் சொல்லலாம். ஒன்று கியூபா பற்றிய 1996ஆம் ஆண்டு ஹெல்ம்ஸ்-பர்ட்டன் சட்டம். புரட்சிக்குப் பின் கியூபா பறிமுதல் செய்த சொத்துகளைப் பயன்படுத்தும் நிறுவனங்கள் மீது அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்குப் போட அதன் மூன்றாம் தலைப்பு அனுமதித்தது. ஐரோப்பாவும் கனடாவும் கொதித்தன. அதிபர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை நிறுத்தி வைத்துக்கொண்டே வந்தார்கள். 2019 மே 2இல்தான் அது நடைமுறைக்கு வந்தது.

மற்றொன்று நம் விஷயத்தோடு ஒட்டியது. அமெரிக்காவில் பாலஸ்தீன விடுதலை இயக்கம் அலுவலகம் வைப்பதை 1987ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடை செய்தது. ஓஸ்லோவுக்குப் பிறகு, ஆறு ஆறு மாத விலக்கிலேயே வாஷிங்டனில் அவர்கள் அலுவலகம் நடந்தது. 2017 நவம்பரில் அந்த விலக்கைப் புதுப்பிக்கவில்லை, 2018இல் அலுவலகத்தை மூடினார்கள். யோசித்துப் பாருங்கள்: ஒரே நகரத்தைப் பற்றிய பேச்சில் ஒரு தரப்பின் அலுவலகமும் இன்னொரு தரப்புக்கான தூதரகமும் ஒரே அதிபரின் அரையாண்டுக் கையெழுத்தை நம்பி இருந்தன. விலக்கு என்பது வாடிக்கையாக வந்துகொண்டே இருக்கும் என்று நம்பியவர்களுக்கு அது நிற்கும் நாள் பேரிடியாக வந்தது.

மற்ற நாடுகள் என்ன செய்தன? இந்தியா?

குவாத்தமாலா, அமெரிக்கா திறந்த இரண்டே நாளில் திறந்தது. பராகுவே அதே மாதம் திறந்து, ஆட்சி மாறியதும் செப்டம்பரில் டெல் அவிவுக்கே திரும்பி, 2024 டிசம்பரில் மறுபடி ஜெருசலேம் போனது. கொசோவோ, ஹோண்டுராஸ், பப்புவா நியூ கினியா என்று சில நாடுகள் பின்னர் சேர்ந்தன. ஆஸ்திரேலியா 2018இல் மேற்கு ஜெருசலேமைத் தலைநகரமாக ஏற்று, 2022இல் அதைத் திரும்பப் பெற்றது.

2017 டிசம்பர் 21இல் ஐ.நா. பொதுச் சபையில் அமெரிக்காவின் முடிவை மறுத்த தீர்மானத்துக்கு 128 நாடுகள் ஆதரவு, 9 எதிர்ப்பு, 35 நடுநிலை. இந்தியா ஆதரித்து வாக்களித்தது. இந்தியத் தூதரகம் டெல் அவிவில் இருக்கிறது.

அடுத்து வரும் அதிபர் தூதரகத்தைத் திரும்ப டெல் அவிவுக்கு மாற்ற முடியுமா?

கையில் அதிகாரம் இருக்கிறது. ஆனால் 1995 சட்டம் இன்னும் புத்தகத்தில் இருக்கிறது. அதன் கொள்கை வரிகள் எதிராக நிற்கும், பணத் தடைப் பேச்சும் மறுபடி எழும். அரசியலும் ஒத்துழைக்காது: 2021 பிப்ரவரியில், தூதரகம் ஜெருசலேமிலேயே தொடர வேண்டும் என்ற திருத்தத்துக்குச் செனட்டில் 97 பேர் ஆதரவு, மூவர் மட்டும் எதிர்ப்பு. ஜோ பைடன் தூதரகத்தை அங்கேயே வைத்திருந்தார். பாலஸ்தீனர்களுக்கான பழைய துணைத் தூதரகத்தைத் திரும்பத் திறப்பதாக அவர் அரசு சொன்னது. இஸ்ரேல் எதிர்த்தது, அது நடக்கவில்லை. ஜெருசலேமில் தனி அலுவலகம் திறக்க இஸ்ரேலின் சம்மதம் வேண்டும் என்ற நிலையில், அமெரிக்க அதிபர் எந்த விலக்கில் கையெழுத்திட்டும் அந்தக் கதவைத் திறக்க முடியாது.